மெஷின் இல்லாத தொழில்

"மெஷின் எதுங்கம்மா?" என்று கேட்டார் வங்கி மேனேஜர்.

2022 ஆடி மாதம். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் நாலு பவர் டேபிள் தையல் மெஷினுக்குக் கொட்டேஷன் கொண்டுவந்திருந்தார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்து எழுந்து போய்விட்டார். என் காகிதங்களை மேனேஜர் மூன்று தடவை முன்னும் பின்னும் புரட்டினார். தொட்டில் 6, மெத்தை 20, ஃப்ரிட்ஜ் 1, வாஷிங் மெஷின் 1, இன்வெர்ட்டர் 1, கேமரா 4, கம்பி கேட் 1.

"வாஷிங் மெஷின் இருக்குதுங்க சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

தாளின் கீழ்ப்பாதியில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. ஆயா சம்பளம், இரண்டு பேர், 12 மாதம். வாடகை, 12 மாதம். சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டின் மேலும் ஒரே கோடாக இழுத்தார். "சம்பளத்துக்கெல்லாம் லோன் கேட்டா எப்படிங்கம்மா? வர்ற வருமானத்துல குடுத்துக்குங்க."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குப் பழக்கமான கணக்கு அது. ஆனால் மூன்றரை வருஷமாக அந்தச் சிவப்புக் கோட்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். குழந்தைக் காப்பகம் தொடங்க அரசு மானியம் தருவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொட்டிலுக்குத் தருகிறது. தொட்டிலை ஆட்டுகிற ஆளுக்குத் தருவதில்லை. அந்த ஆள்தான் என் தொழிலே.

திருப்பூரில் அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஜாப் ஒர்க் யூனிட்டும் லைன் வீடுமாகக் கலந்து கிடக்கிற ஒரு தெருவில் என் காப்பகம் இருக்கிறது. பெரிய ஹால் ஒன்று, அறை இரண்டு, பின்னால் ஒரு வாசல். அதற்கு முன்னால் 13 வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. என் மகள் வளர்ந்ததே செக்கிங் டேபிளுக்கு அடியில், கட்டிங் வேஸ்ட் மூட்டைமேல்தான். பையர் ஆட்கள் வருகிற நாளில் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போகச் சொல்வார்கள். 2018-இல் வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் ஐந்து குழந்தைகளோடு ஆரம்பித்தேன். இன்றைக்கு 24 பேர். எல்லோருக்கும் நான் அம்மிச்சி, அதாவது பாட்டி. திண்டுக்கல் குழந்தைக்கும் அம்மிச்சி, ஒடிசாவிலிருந்து வந்த குழந்தைக்கும் அம்மிச்சி.

கம்பெனியில் எட்டரைக்கு மணி அடிக்கும். எட்டிலிருந்து எட்டேகாலுக்குள் என் வாசலில் பத்துப் பதினைந்து வண்டிகள் நிற்கும். சிலர் எஞ்சினை அணைப்பதே இல்லை. குழந்தை, பால் பாட்டில், மாற்றுத்துணிப் பை எல்லாம் ஓடுகிற வண்டியிலிருந்தே கைமாறும். ஆர்டர் இருக்கிற நாளில் ஒன்றரை ஷிப்ட், ராத்திரி எட்டரை வரைக்கும். ஆக நான் காலை ஏழே முக்காலுக்குத் திறந்து ராத்திரி எட்டே முக்காலுக்குப் பூட்டுகிறேன். 13 மணி நேரம்.

மானியம் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவில் பாதிப்பேர் அது கையில் எண்ணித் தருகிற பணம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் விண்ணப்பித்தது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில். 2008 முதல் இருக்கிற திட்டம். சேவைத் தொழிலுக்கு 10 லட்சமாக இருந்த உச்சவரம்பை 2022-இல்தான் 20 லட்சமாக்கினார்கள். பெண்கள் கைக்காசு 5 சதவீதம் போட்டால் போதும். நகரத்தில் 25 சதவீதம் மானியம், ஊராட்சிப் பகுதியில் 35. எங்கள் தெருவிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஊராட்சி வந்துவிடும். அங்கே போர்டு மாட்டியிருந்தால் பத்து சதவீதம் கூடுதல். ஆனால் அந்த ஒன்றரைக் கிலோமீட்டரை எட்டே காலுக்கு எந்தத் தாய் ஓட்டிக்கொண்டு வருவாள்?

சிவப்புக் கோட்டுக்குப் பிறகு என் திட்டம் 2 லட்சமாகச் சுருங்கியது. நான் போட்டது 10,000. மீதி 1,90,000 வங்கிக் கடன். மானியமான 50,000 என் கைக்கு வரவில்லை. வங்கியிலேயே என் பெயரில் வைப்பாக மூன்று வருஷம் கிடந்தது. அந்த அளவுக்கான கடனுக்கு வட்டி இல்லை என்பது உண்மை. மூன்று வருஷமும் கடையை ஓட்டிக் காட்டினால் கடனில் கழித்துக்கொள்வார்கள். ஓட்ட முடியாமல் நடுவில் மூடியிருந்தால் மானியமும் போயிருக்கும், கடன் மட்டும் தங்கியிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவளுக்கு எந்த வருஷம் பணம் வேண்டுமோ அந்த வருஷம் அது பூட்டிய பெட்டியில் இருக்கும்.

வாடகை, சம்பளம் எதுவுமே விதியில் கிடையாது என்று சொல்லிவிட முடியாது. நடைமுறை மூலதனம் என்று ஒன்று உண்டு. ஆனால் அது 'ஒரு சுற்று'க்குத்தான். பனியன் தொழிலில் ஒரு சுற்று என்றால் நூல் வாங்கி, துணியாக்கி, தைத்து, அனுப்பி, பில் பணம் கைக்கு வருகிறவரை. இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். என் தொழிலில் ஒரு சுற்று எது? திங்கட்கிழமை குழந்தை வருகிறது, சனிக்கிழமை தாய்க்குச் சம்பளம், ராத்திரி எனக்கு ஃபீஸ். ஆறு நாளில் சுற்று முடிந்தது! திட்ட அறிக்கை போட்டுக் கொடுத்த ஆடிட்டர் ஆபீஸ் தம்பி மனசு கேட்காமல் ஒரு மாதம் என்று போட்டார். உண்மையில் காப்பகம் நிரம்ப ஒரு வருஷம் ஆகிறது. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எட்டு மாதக் குழந்தையைக் கொடுக்க எந்தத் தாயும் ஒரு வாரத்தில் துணிய மாட்டாள். முதலில் ஒருத்தி விடுவாள், அவள் குழந்தை நன்றாக இருப்பதைப் பார்த்து மூன்று மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி விடுவாள். அதுவரை நாலு குழந்தை இருந்தாலும் ஆயா வேண்டும், ஆயாவுக்குச் சம்பளம் வேண்டும், முதல் தேதி வாடகை வேண்டும்.

என் நோட்டையே திறந்து காட்டுகிறேன். இரண்டு வயதுக்குக் கீழே 7 குழந்தைகள், வாரம் 500. இரண்டிலிருந்து நாலு வயதுவரை 11 பேர், வாரம் 400. பள்ளிக்கூடம் விட்டு வருகிறவர்கள் 6 பேர், வாரம் 200. மொத்தம் வாரத்துக்கு 9,100. 'கம்பெனியில வேலை இல்லீங்க்கா' என்கிற வாரங்களையும் நிலுவையையும் கழித்தால் மாதம் 36,000 கைக்கு வரும். வாடகை 8,500. முழுநாள் ஆயாவுக்கு 9,500, அரைநாள் ஆயாவுக்கு 5,500. பால், சுண்டல், கேஸ் 4,500. கரண்ட், சோப்பு, பினாயில் 1,800. வங்கித் தவணை 3,200. போக மீதி 3,000. செக்கிங்கில் ஏழெட்டு நாள் உட்கார்ந்தால் கிடைக்கிற காசு. என் வீட்டுக்காரர் டையிங்கில் வேலை பார்ப்பதால் வீட்டில் அடுப்பு எரிகிறது.

ஃபீஸை ஏற்றலாமே என்பார்கள். வாரம் 500 என்பதே அந்தத் தாயின் ஒரு நாள் கூலிக்குமேல். 600 ஆக்கினால் அவள் கணக்குப் போடுவாள், போட்டுவிட்டு வேலைக்குப் போகாமல் நின்றுவிடுவாள், இல்லை ஊரிலிருந்து மூட்டுவலி மாமியாரைக் கூட்டி வருவாள். அதுவும் முடியாவிட்டால் மூத்த பெண்ணை நிறுத்துவாள். போன வருஷம் என்னிடம் வந்து சேர்ந்த ஒன்றரை வயதுப் பையனை அதுவரை பார்த்துக்கொண்டிருந்தது அவன் அக்கா. ஆறாம் வகுப்போடு நின்றுபோன பெண். தம்பியை இங்கே விட்ட மறு வாரம் பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் யூனிஃபார்மோடு வந்து தம்பியைத் தூக்குவாள். அவளுக்கு நான் ஃபீஸ் வாங்குவதில்லை, ஆனால் ஆறரை மணிவரை இங்கேதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

பவர் டேபிள் வாங்கினவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று காட்ட வேண்டுமானால் காலை பதினொன்றரை மணிக்கு என் ஹாலுக்கு வர வேண்டும். ஏழு கைக்குழந்தைகளில் ஒன்று தூரியில் தூங்குகிறது. ஒன்று தூங்கப் போகிறது, தோளில் போட்டுத் தட்டினால்தான். ஒன்று பாட்டிலைத் தள்ளிவிட்டு அம்மா வாசனை தேடுகிறது. ஒன்று ஈரம் பண்ணியிருக்கிறது. ஒன்று வாசற்படியை நோக்கித் தவழ்கிறது. ஒன்றுக்குச் சளி, நிமிர்த்திப் பிடித்தால்தான் மூச்சு விடும். கடைசிக் குழந்தை சும்மா சிரித்துக்கொண்டிருக்கிறது, அதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அடுத்த அறையில் 11 பேருக்குச் சோறு ஊட்டுகிற நேரமும் இதுதான். புது ஓவர்லாக் மெஷின் வந்தால் ஒரே டெய்லர் கூடப் பீஸ் எடுப்பார். ஆறு தொட்டிலுக்குப் பதில் பன்னிரண்டு வாங்கிப் போட்டாலும் ஆயாவுக்கு இரண்டு கைதான். என் தொழிலில் உற்பத்தியைக் கூட்டுகிற இயந்திரமே கிடையாது. கூட்டினால் அது ஆபத்து.

ஆபத்து என்றால் வாய்ச் சொல்லுக்காக இல்லை. கடன் வாங்கின முதல் வருஷத்தில் ஒரு நாள், பத்து மாதக் குழந்தை ஒன்று பட்டனை விழுங்கப் பார்த்தது. டி-ஷர்ட் பட்டன். அம்மா காஜா பட்டன் செக்ஷனில் வேலை, அவள் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். குழந்தை அழவில்லை. சத்தமே இல்லை. முகம் மாறுவதை அரைநாள் ஆயா பார்த்துவிட்டுக் கத்தினாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. மாடி வீட்டில் குடியிருந்த நர்ஸ் பெண்ணுக்கு நல்லவேளை அன்று நைட் டியூட்டி. ஓடி வந்து குழந்தையைக் குப்புற முன்கையில் கிடத்தி, தலை தாழ்த்தி, முதுகில் உள்ளங்கையால் அடித்தார். நாலாவது அடியில் பட்டன் தரையில் உருண்டது. வெள்ளைப் பட்டன், நாலு ஓட்டை.

தவறு என்னுடையது. வருகிற குழந்தையின் துணியையும் அம்மா துணியையும் உதறிப் பார்த்து வாங்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன்: கடனுக்கு முன்னால் தொழில்முனைவோர் பயிற்சி என்று ஒன்று முடித்துச் சான்றிதழ் கொடுத்தேன். அதில் ஜிஎஸ்டி சொன்னார்கள், மார்க்கெட்டிங் சொன்னார்கள், லாப நஷ்டக் கணக்கு சொன்னார்கள். மூச்சு அடைத்த குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லவில்லை. வாத்து வளர்ப்பவருக்கும் வெல்டிங் பட்டறை வைப்பவருக்கும் எனக்கும் ஒரே பாடம்.

இதெல்லாம் ஏன் இப்படி இருக்கிறது என்றால், நாங்கள் தொழிலா சேவையா என்று யாரும் முடிவு பண்ணவில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு எண் கேட்பார்கள். குழந்தைக் காப்பகம் 88 என்ற பிரிவில், 'தங்குமிடம் இல்லாத சமூகப் பணி'யில் வருகிறது. பேரிடர் நிவாரணமும் அகதிகளுக்கு உதவுவதும் அதே பிரிவுதான். சரி, சமூகப் பணி என்றால் சமூகநலத் திட்டத்தில் கேட்கலாமே என்று போனேன்.

அங்கே கதை வேறு. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்காக 2006-இல் ராஜீவ் காந்தி பெயரில் காப்பகத் திட்டம் வந்தது. 2017-இல் தேசிய காப்பகத் திட்டம் ஆனது. ஒரு காப்பகத்துக்கு 25 குழந்தைகள், நாளைக்கு ஏழரை மணி நேரம். பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500 ரூபாய் மதிப்பூதியம். 3,000 ரூபாய்க்கு 25 குழந்தைகளைப் பார்க்க யார் வருவார்கள் என்று யாராவது கேட்டிருப்பார்களா தெரியவில்லை. நாடு முழுவதும் 20,000-க்கு மேல் இருந்த காப்பகங்கள் 2020 வாக்கில் ஆறாயிரத்துச் சொச்சமாகிவிட்டன. 2022 முதல் பால்னா என்று பெயர் மாற்றி, பெரும்பாலும் அங்கன்வாடியோடு சேர்த்து நடத்துகிறார்கள். நல்ல யோசனை. ஆனால் அதிலும் என்னைப் போல ஃபீஸ் வாங்கிச் சொந்தமாக நடத்துகிறவளுக்கு இடமில்லை. நலத்துறைக்கு நான் வியாபாரி. வங்கிக்கு நான் மெஷின் இல்லாத வியாபாரி.

அங்கன்வாடியை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 54,000-க்கு மேல் மையங்கள், முட்டை போடுகிறார்கள், எடை பார்க்கிறார்கள், என்னிடம் வருகிற குழந்தைகள் பலருக்கு அங்கேயும் பெயர் உண்டு. ஆனால் சாயங்காலம் நாலு மணி வாக்கில் அது மூடிவிடும், கைக்குழந்தையை நாள் முழுவதும் வைத்துக்கொள்ளாது. எட்டு மாதக் குழந்தையும் ராத்திரி எட்டரை மணியும் எங்கள் பங்குக்கு வந்து விழுகிறது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2025 நவம்பர் வரை, 1948 தொழிற்சாலைச் சட்டப்படி 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்று இருந்தது. 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டப்படி 50 பேர் வேலை செய்தால் வேண்டும், தாய் நாளைக்கு நாலு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று இருந்தது. பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளில் பையர் ஆடிட்டுக்குப் பயந்தாவது ஓர் அறை, ஒரு தொட்டில், சுவரில் ஒரு மிக்கி மவுஸ் இருக்கும். என் தெருவில் இருப்பதோ 12 பேர், 18 பேர் வேலை செய்கிற ஜாப் ஒர்க் யூனிட்கள். சட்டம் அவர்கள் படியேறவே இல்லை. பத்து யூனிட்டைக் கூட்டினால் 150 பேர். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். அதில் தனியார் காப்பகமும் சேரும். ஆனால் 50 பேருக்குக் கீழே இருக்கிற யூனிட்டை இதிலும் யாரும் கேட்கப் போவதில்லை. அதனால்தான் அரசுப் பணத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது. செப்டம்பரிலேயே எங்கள் தெருவில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது, அப்புறம் வாரத்தில் நாலு நாள் ஆனது. 24 குழந்தைகள் 13 ஆனார்கள். குழந்தைகளை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனவர்கள் என்னிடம் வருத்தத்தோடு சொல்லிவிட்டுத்தான் போனார்கள், ஒரு ஒடியா பெண் அழுதாள். அரைநாள் ஆயாவை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. தாலிக்கொடியில் கோர்த்திருந்த இரண்டு குண்டு அடகுக்குப் போயின. அதே செப்டம்பரில்தான் மூன்று வருஷம் முடிந்து என் 50,000 மானியம் கடனில் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. பெட்டி திறந்தது, ஆனால் என் கைக்கு அதிலிருந்து பத்து ரூபாய் வரவில்லை. கம்பெனிக்காரர்களுக்கு ஏற்றுமதிச் சலுகை கேட்கச் சங்கம் இருக்கிறது. அவர்களிடம் வேலை செய்கிற பெண்ணின் குழந்தையை வைத்திருக்கிறவளுக்கு எந்தச் சங்கமும் இல்லை. பொங்கலுக்குப் பிறகுதான் குழந்தைகள் மெல்லத் திரும்ப வந்தார்கள்.

எனக்கு என்ன வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறேன். காப்பகத்துக்கான மானியத்தில் பாதியாவது ஆள் சம்பளமாக இருக்க வேண்டும். முதல் வருஷம் ஒரு ஆயாவின் முழுச் சம்பளம், இரண்டாம் வருஷம் பாதி, மூன்றாம் வருஷம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். பூட்டி வைக்காமல் மாதாமாதம் தர வேண்டும். அப்படியெல்லாம் நடக்குமா என்று சிரிக்க வேண்டாம். பக்கத்துக் கர்நாடகத்தில் 2023-இல் 'கூசின மனெ' என்று 4,000 ஊராட்சிகளில் காப்பகம் அறிவித்தபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்தே கூலி என்றார்கள். குழந்தையைத் தூக்குவதும் மண் சுமப்பது போல வேலைதான் என்று ஓர் அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் அமெரிக்காவே காப்பகங்களுக்காக 2,400 கோடி டாலர் ஒதுக்கி, அதை வாடகைக்கும் சம்பளத்துக்கும் செலவழிக்கலாம் என்றது. 2023 செப்டம்பரோடு அதை நிறுத்தியும் விட்டது, அது வேறு விஷயம்.

இரண்டாவது, கட்டடம். 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் போனதை மறந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு யாரும் வரக் கூடாது. தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று, கட்டட உறுதிச் சான்று கேட்டால் நான் முணுமுணுக்க மாட்டேன். ஆனால் வாடகை வீட்டில் இரண்டாவது வாசல் வைக்க வீட்டுக்காரர் காசு போட மாட்டார். என் காசில் உடைத்து வைத்தால் அடுத்த வருஷம் அவர் வாடகையை ஏற்றுவார், ஏற்றினார். வாசல், படிக்கட்டுக் கம்பி, தீயணைப்பான் போன்றவற்றுக்குக் கடனோடு முடிச்சுப் போடாத நேரடி மானியம் வேண்டும். அது எனக்காக இல்லை. நான் நாளைக்கு மூடிவிட்டாலும் அந்த வாசல் அங்கே இருக்கும்.

ஏமாற்றுவார்களே என்ற கேள்விக்கு ஒளிந்துகொள்ள மாட்டேன். ஏமாற்றுவார்கள். கலர் போர்டு, சுவர் நிறைய ஓவியம், பதிவேட்டில் 25 பெயர், உள்ளே ஒரு பல்லி என்று நடந்த இடத்தை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து சம்பளத்தை வெட்டுவது இல்லை. எந்த நேரத்தில் வந்தாலும் குழந்தை இருக்கிறதா என்று பார்ப்பதுதான். என்னிடம் எட்டரைக்கு வாருங்கள், காலை எட்டரைக்கும் ராத்திரி எட்டரைக்கும். தாய்மாரின் போன் எண்கள் நோட்டில் இருக்கின்றன, கூப்பிட்டுக் கேளுங்கள். கொட்டேஷன் கொண்டு ஏமாற்றுவது இதைவிடச் சுலபம் என்பதை எந்த வங்கி அதிகாரியும் ரகசியமாக ஒப்புக்கொள்வார்.

ஒன்று தெரியுமா, அரசாங்கம் ஏற்கெனவே எனக்குச் சுற்றிவளைத்துப் பணம் தந்துகொண்டுதான் இருக்கிறது. மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வந்த குறுஞ்செய்தியைக் காட்டி, அன்றைக்கே எடுத்து வந்து இரண்டு வார ஃபீஸாகத் தருகிற தாய்மார் என்னிடம் நாலு பேர். அந்த 1,000 அவளுக்கு உரிமை, அவளுக்கென்று ஒரு செலவுக்கு ஆகட்டும் என்றுதான் நினைக்கிறேன். வாங்கிக்கொள்ளவும் செய்கிறேன். வேறு வழி?

போன வாரம் வங்கியிலிருந்து போன். பழைய மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார், இவர் புதியவர், வயது முப்பதுக்குள் இருக்கும். தவணை தவறாமல் கட்டியிருக்கிறீர்கள், மீதியை இந்த வருஷத்துக்குள் முடித்துவிட்டால் இதே திட்டத்தில் விரிவாக்கத்துக்கு இரண்டாவது கடன் உண்டு, சேவைத் தொழிலுக்கு 25 லட்சம்வரை, 15 சதவீதம் மானியம் என்றார். யூனிட் லாபத்தில் ஓட வேண்டும் என்பது நிபந்தனை. "லாபத்துல தானுங்கம்மா ஓடுது?" என்று கேட்டார். மாதம் 3,000 என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

மாடி காலியாகத்தான் இருக்கிறது. நர்ஸ் பெண் கல்யாணமாகிப் போய்விட்டார். மாடியையும் எடுத்தால் இன்னும் 15 குழந்தைகள் வைக்கலாம், வரிசையில் பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்களே ஒன்பது பேர். "லிஸ்ட் போட்டு எடுத்துட்டு வாங்கம்மா, பார்க்கலாம்" என்றார் புது மேனேஜர்.

நேற்று ராத்திரி கடைசிக் குழந்தையை அனுப்பிவிட்டு லிஸ்ட் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: ஆயா 2 பேர், 24 மாதம். இரண்டாவது வரி: முதலுதவிப் பயிற்சி, மூன்று பேருக்கு. மூன்றாவது: மாடிக்கு வெளிப்படிக்கட்டு, கைப்பிடிக் கம்பியோடு. தொட்டில் ஏழாவது வரியில்தான் வருகிறது. வியாழக்கிழமை பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அரைநாள் ஆயா முழுநாள் நிற்கச் சம்மதித்திருக்கிறாள்.